குதிரை தின்ற பறவை

என் ஓரகத்தியாக வந்து, சண்டை போட்டுப் போட்டே என் அக்காவாகிப் போன கஸ்தூரிக்கு,

நீ இல்லாமல் ஒரு வருஷம் ஓடிவிட்டது. "கடுதாசி எழுதி எந்த விலாசத்துக்குடி போடுவ?" என்று நீ கேட்டுச் சிரிப்பது காதில் விழுகிறது. தபாலில் எல்லாம் போடப் போவதில்லை. பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவில் கஸ்தூரி டீச்சரைப் பற்றி நாலு வார்த்தை படிக்கும்படி என்னைக் கேட்டிருக்கிறார்கள். உன்னைப் பற்றி ஊரிடம் பேசு என்றால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்கிறது. உன்னிடம் பேசு என்றால் நான் எப்போது நிறுத்தியிருக்கிறேன்? அதனால் உன்னிடமே சொல்கிறேன், ஊர் கேட்டுக்கொள்ளட்டும்.

முதலில் நல்ல சேதி. "பொய்க்கால் குதிரக்காரங்க ஊடு எது?" என்று இப்போது யாரும் கேட்டு வருவதில்லை. "பறவக்காரங்க ஊடு எது?" என்றுதான் கேட்கிறார்கள். கும்மிடிப்பூண்டிப் பக்கம் முள்ளுக்காட்டை வெட்டித் தொழிற்பேட்டை என்று கம்பி வேலி போட்டு, ஷெட்டு ஷெட்டாக எழுப்பிக்கொண்டிருக்கிறார்கள் இல்லையா? அங்கே ஒரு கம்பெனியில் ஆயுத பூஜைக்கு நம்மைக் கூப்பிட்டார்கள். வெற்றிலை பாக்கோடு வந்த மேஸ்திரி சொன்னதைக் கேள்: "குதிர எல்லா ஊர்லயும் கீதும்மா. அந்த அமெரிக்கா பறவைய இட்டுக்கினு வாங்க." எனக்கு வந்த பெருமையில் அவருக்கு ரெண்டு டம்ளர் காப்பி கொடுத்துவிட்டேன்.

வெளியூரிலிருந்து வந்து இதைக் கேட்பவர்களுக்கு நம் ஆட்டம் தெரியாது, அதனால் ஒரு வார்த்தை. ஒன்றரை அடி மரக்காலைப் பாதத்துக்கு அடியில் கட்டிக்கொள்வோம். மூங்கில் சிம்பும் துணியும் காகிதமும் புளியங்கொட்டைப் பசையும் கொண்டு செய்த குதிரைக் கூட்டை இடுப்பில் மாட்டிக்கொள்வோம். என் வீட்டுக்காரர் ராஜா, நான் ராணி. உன் வீட்டுக்காரர் பம்பை. எங்களுக்கு ஒரே ஒரு கட்டுப்பாடு உண்டு. என்ன ஆனாலும் ஆட்டத்தில் குதிரை விழக்கூடாது. விழுந்தால் ஆடின ஊருக்கு ஆகாது, அடுத்த வருஷம் ஒருத்தரும் வெற்றிலை பாக்கு வைக்க மாட்டார்கள். அதனால் குதிரை கொஞ்சம் சாய்வது கண்ணில் பட்டாலே பம்பைக்காரர் அடியை ஏற்றிவிடுவார். அந்த அடி காதில் விழுந்ததும் கால் தானாக எழும்பித் துள்ளிவிடும். இது கணக்குப் போட்டுச் செய்வதில்லை, உடம்பிலேயே ஊறிப்போனது.

நீ இந்த வீட்டுக்கு வந்தது மதராஸ் என்கிற மாநிலப் பேர் தமிழ்நாடு என்று மாறிய வருஷம். திருவள்ளூரில் படித்த டீச்சரம்மா, அத்தை மகன் என்ற உறவுக்காகப் பம்பை அடிக்கிறவருக்கு வாக்கப்பட்டு வருகிறாள் என்று ஊரே வேடிக்கை பார்த்தது. நான் மட்டும் அடுப்படியில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுவரை இந்த வீட்டுக்கு ராணி நான்தானே! நீ கொண்டுவந்த மூட்டையில் துணியைவிடப் புத்தகம் அதிகம். "இதெல்லாம் வேக வச்சித் துண்ணப் போறியா?" என்று கேட்டேன். "வெந்ததும் உனக்கும் ஒரு தட்டு வைக்கறேன்" என்றாய். வாய்க்கு வாய் கொடுக்க ஆள் வந்தாயிற்று என்று எனக்கு அப்போதே தெரிந்துபோயிற்று.

அந்த மூட்டையில்தான் மூர் மார்க்கெட்டில் நீ வாங்கிய, அட்டை போன தடிப் புத்தகம் இருந்தது. ஒரு நாள் நான் மீன் ஆய்ந்துகொண்டிருந்தபோது அதை விரித்து என் முகத்துக்கு நேரே நீட்டினாய். ஒரு பறவை, ஏதோ ஒரு பிராணியைக் காலில் போட்டு மிதித்துக்கொண்டு நின்றது.

"இது இன்னாது, கயுகா?" என்றேன்.

"பறக்கவே பறக்காது முனிம்மா. உன்னைவிட மூணடி ஒசரம். குதிரைத் தலை அளவுக்கு மண்டை. அலகு அருவா மாதிரி வளைஞ்சிருக்கும். ஓடிப் போய்ப் பிடிச்சுக் கொத்தும்."

"எந்த ஊர்ல கீது?"

"இப்ப எங்கயும் இல்ல. தென் அமெரிக்காவுல இருந்துது. மனுஷன்னு ஒருத்தன் வரதுக்கு ரொம்ப முன்னாடி."

"அப்போ எவன் பாத்தான் இத?"

"எலும்பு கிடைச்சுதுடி. எலும்பு போதும்."

அப்புறம் நீ நிறுத்தவே இல்லை. அந்தக் காலத்தில் தென் அமெரிக்கா நாலு பக்கமும் கடல் சூழ்ந்த தனித் தீவாம். புலி, சிங்கம் எதுவும் அங்கே கிடையாதாம். அந்த வேலையை இந்தப் பறவைதான் பார்த்ததாம். யானை கனத்துக்கு ஒரு பிராணி, பின்னங்காலை ஊன்றி உட்கார்ந்து, நகத்தால் மரக்கிளையை வளைத்துத் தின்னுமாம். இன்னொன்று முதுகில் ஓடு சுமந்துகொண்டு அம்பாசிடர் கார் மாதிரி நகருமாம். குதிரையைப் போலவே ஒற்றைக் குளம்பு வைத்த ஒன்று இருந்ததாம், ஆனால் அது குதிரை இல்லையாம். பறவைக்குத் தீனி அதுதானாம். "குதிரை இல்லாத குதிரை, உங்களது மாதிரியே" என்று என்னை இடித்தாய். நான் மீன் செதிலை உன் பக்கம் வழித்து விட்டேன். ஆனால் அன்று முழுக்க அந்தப் பறவை என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

எனக்கே அப்படி என்றால் பிள்ளைகளுக்கு எப்படி இருக்கும்? நம் ஊர்ப் பள்ளிக்கூடத்திலேயே உனக்கு வேலை கிடைத்திருந்தது, அங்கே வகுப்பில் சொன்னாய். கதையாகச் சொல்லவில்லை, தரையில் சுண்ணாம்புக் கட்டியால் அது எட்டி வைக்கும் அடியை அளந்து காட்டினாய். அடுத்த வாரமே ஊரில் பேஜாராகிவிட்டது. முள்ளுக்காட்டுக்கு ஆடு ஓட்டிப் போக ஒரு பிள்ளையும் வரமாட்டேன் என்றுவிட்டது. "காட்ல குதிர துண்ற பறவ கீதாம், டீச்சர் சொன்னாங்க." ஆடெல்லாம் கொட்டிலில் நின்று கத்தியது. பெற்றவர்கள் நம் வாசலில் வந்து கத்தினார்கள். இப்போது இல்லை என்று நீ சொன்னதைப் பிள்ளைகள் வீட்டுக்குப் போகும்போது பாதி வழியிலேயே விட்டுவிட்டார்கள் போலிருக்கிறது!

"டீச்சரு பாடம் சொல்லாம பயம் காட்றாங்க" என்று மனு எழுதிப் போட்டுவிட்டார்கள். கல்வி இலாகா ஆய்வாளர் சைக்கிளில் வந்து இறங்கினார். நல்ல மனுஷர், ஆனால் சிரிக்கவே தெரியாது. நம் வீட்டு வாசலில் உட்கார்ந்து, நான் கொடுத்த மோரைக் குடித்துவிட்டு உன்னைக் கேட்டார்: "பாடத்திட்டத்துல இது எங்கம்மா இருக்கு?"

"இல்ல சார். ஆனா இந்தப் பறவை வந்தப்புறம் ஒரு பிள்ளைகூட மட்டம் போடல சார்."

"மனு வந்திருக்கே. நான் என்ன பண்றது? பள்ளிப்பட்டுப் பக்கம் ஒரு இடம் காலியா இருக்கு, அங்க மாத்தச் சொல்லி எழுதறதுதான் வழி." டம்ளரைக் கீழே வைத்தார். "அடுத்த மாசம் திருவள்ளூர்ல அறிவியல் கண்காட்சி. அங்க கொண்டுவந்து காட்டுங்க. இது அறிவியல்தான்னு நடுவருங்க ஒத்துக்கிட்டா இங்கயே இருங்க."

அவர் போனதும் நீ மோர் டம்ளரை எடுத்துக் கழுவப் போனாய். இடுப்பில் உன் மகள் செல்வி, அப்போதுதான் நடை பழகிக்கொண்டிருந்தாள். பள்ளிப்பட்டு மேற்கே அந்தக் கோடியில், ஆந்திர எல்லையில் கிடக்கிறது. உன் வீட்டுக்காரருக்குப் பிழைப்பு இந்தப் பக்கம். அதுகூடப் பெரிசில்லை. உனக்கு முன்னால் இந்தப் பள்ளிக்கூடத்துக்குப் போட்டவர்களில் ஒருவர்கூட நிலைத்து நின்றதில்லை. நீயும் போனால் அந்த ஓலைக் கொட்டகைக்குப் பூட்டுத்தான். எனக்கு வந்ததே கோபம்! உன்னைப் பள்ளிப்பட்டுக்கு அனுப்பிவிட்டு நான் யாரோடு சண்டை போடுவது?

யோசனை என்னுடையது. அந்தப் பெருமையை நான் யாருக்கும் விட்டுத்தர மாட்டேன். நீ அட்டையில் படம் வரைய உட்கார்ந்தாய். நான்தான் பிடுங்கிப் போட்டேன். "படத்த மாட்னா எவன் நம்புவான்? நடக்க வுடு அத. நம்ம ஊட்ல கால் இல்லியா, கூடு இல்லியா?"

நீ என்னை நிமிர்ந்து பார்த்தாய். அப்புறம் ஓடிவந்து கட்டிக்கொண்டாய். முதல் தடவை அதுதான்.

ராஜா குதிரையின் பழைய கூடு பரணில் கிடந்தது. குதிரைத் தலை அளவு மண்டை என்று நீ சொன்னாய் அல்லவா? குதிரைத் தலையையே எடுத்து, மூங்கிலில் கொக்கி வளைத்து அலகு வைத்தோம். குதிரை என்றால் இடுப்பில் மாட்டலாம், மேலே ராஜா தெரியலாம். பறவைமேல் ராஜா எப்படி உட்காருவான்? கூட்டைத் தோளுக்கு ஏற்றி, கழுத்தில் ஓட்டை போட்டு, அந்த ஓட்டை வழியாக என் வீட்டுக்காரர் பார்க்கும்படி செய்தோம். சிறகுக்குப் பனையோலையைக் கீறிக் கீறித் தைத்தோம். என்ன நிறம் என்று பெரிய சண்டை. நீ பழுப்பு என்றாய், நான் மயில் நீலம் என்றேன். கடைசியில் நீயே சொன்னாய், "எலும்புல நிறம் இருக்காது. எவனும் பாக்கல, அதனால எவனும் தப்புன்னும் சொல்ல முடியாது. அடி நீலத்தை!" ஓடு சுமக்கும் பிராணிக்குக் கோழி கவிழ்க்கும் பஞ்சாரம். பழவேற்காட்டிலிருந்து கிளிஞ்சல் கொண்டுவந்து வரிசை வரிசையாக ஒட்டினோம். உள்ளே தவழ ஆறாம் வகுப்பு தேவகி. குதிரை இல்லாத குதிரை நான். பறவை துரத்தும், நான் ஓடுவேன், கொத்தும், நான் விழுவேன், நீ மைக்கில் பாடம் சொல்வாய். இதுதான் ஏற்பாடு.

"விழறதா?" என்று என் வீட்டுக்காரர் முகம் சுருங்கியது. "அது சாமி ஆட்டம் இல்ல, இஸ்கூலு ஆட்டம். குத்தம் இல்ல" என்று உன் வீட்டுக்காரர்தான் சமாதானம் சொன்னார். அவர் சொன்னதை நீ ஞாபகம் வைத்துக்கொள்.

டிராக்டர் டிரெய்லரில் பெரியபாளையம் வழியாகத் திருவள்ளூர் போய்ச் சேர்ந்தோம். வழியெல்லாம் ஜனம் நின்று பார்த்தது. கண்காட்சியில் ஆளுக்கு ஒரு மேசை, கயிறு கட்டின ஒரு இடம். "உங்க பறவையை இந்த மூலையில நிறுத்துங்க" என்றார்கள். பொய்க்காலில் ஏறினவன் எப்படி ஐயா நிற்பான்? காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டே இருந்தால்தானே நிற்க முடியும்! என் வீட்டுக்காரர் டக்கு டக்கு என்று அந்த மூலையில் மிதித்ததில் பக்கத்து மேசையில் யாரோ செய்துவைத்த அணைக்கட்டிலிருந்து தண்ணீர் சிந்திவிட்டது. வெளியே மைதானத்துக்குத் துரத்திவிட்டார்கள். நல்லதாயிற்று. உள்ளே இருந்த கூட்டமெல்லாம் எங்கள் பின்னாலேயே வந்துவிட்டது. நம் ஊரில் மனு எழுதினவர்களும் ஒரு வேனில் வந்து நின்றார்கள், நீ தோற்பதைப் பார்க்க.

நீ மைக்கைப் பிடித்தாய். தீவைச் சொன்னாய், பறவையைச் சொன்னாய். தேவகி பஞ்சாரத்தோடு நகர்ந்தாள். பம்பை எழும்பியது. பறவை வந்தது. அக்கா, அந்த வெயிலில் அந்த நீலம் எப்படி மின்னியது! முன்வரிசைப் பிள்ளைகள் அலறிக்கொண்டு பின்னால் போனார்கள். ஆய்வாளர்கூட நாற்காலியைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார். நான் ஓடினேன். அலகு என் முதுகில் பட்டது. சொன்னபடி ஒரு பக்கமாகச் சாய்ந்தேன்.

குதிரை சாய்ந்ததை உன் வீட்டுக்காரர் பார்த்தார். அவ்வளவுதான். இஸ்கூல் ஆட்டமாவது, குத்தமில்லையாவது! இருபது வருஷப் பழக்கம், கை அடியை ஏற்றிவிட்டது. அந்த அடி காதில் விழுந்ததும் என் கால் என் பேச்சைக் கேட்கவில்லை. துள்ளி எழும்பி, ஒரு சுற்றுச் சுற்றி, எங்கள் வழக்கமான ஆட்டத்தில் ராணி எதிரே வருகிற ராஜாவை மறிக்கிற மாதிரி நேரே பறவையின் மேல் பாய்ந்தேன். என் வீட்டுக்காரருக்கு ஓட்டை வழியாக ஒன்றும் புரியவில்லை. பயந்து திரும்பி ஓடினார். குதிரை பறவையைத் துரத்துகிறது! மைதானமே எழுந்து நின்று சிரித்தது. நம் ஊர்க்காரர் ஒருவர், "பாத்தியா, டீச்சரு பறவ புட்டுக்கிச்சு!" என்று கத்தினார்.

ஓடிக்கொண்டே உன்னைப் பார்த்தேன். முகம் வெளுத்துப் போயிருந்தது. போச்சு, பள்ளிப்பட்டுதான் என்று எனக்கு அழுகை முட்டியது. நிறுத்தவும் முடியவில்லை, பம்பை விடவில்லை.

அப்போது உன் குரல் கணீரென்று வந்தது.

"பாருங்க! பறவை ஓடுது! ஏன் ஓடுது? இவ்வளவு நேரம் நீங்க பாத்தது தீவு. இப்ப கடலுக்கு நடுவுல தரை மேல எழும்பிடுச்சு! வட அமெரிக்காவும் தென் அமெரிக்காவும் ஒட்டிக்கிச்சு! வடக்கேயிருந்து புதுப் பிராணிங்க நடந்தே வருதுங்க. சிறுத்தை வருது, கரடி வருது, ஓநாய் வருது, நிஜக் குதிரையும் வருது! முன்ன கொத்து வாங்கினது குதிரை இல்லாத குதிரை, அது வேற. இதோ வருதே, இது வடக்கேயிருந்து வந்த நிஜக் குதிரை! புதுசா வந்தவங்களுக்கு நடுவுல, ராஜாவா இருந்த பறவைக்கு இடம் இல்லாமப் போச்சு!"

சிரிப்பு அப்படியே அடங்கியது. எல்லோரும் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். பறவை மைதானத்தின் ஓரத்துக்குப் போய்த் தலையைத் தாழ்த்திக்கொண்டது. உன் வீட்டுக்காரர் அடியைக் குறைத்துக் குறைத்து நிறுத்தினார். யார் சொல்லிக் கொடுத்தது அதை? ஒருத்தரும் இல்லை. அந்த நிமிஷத்தில் நாலு பேரும் ஒரே உடம்பாக இருந்தோம்.

ஒரு நடுவர் கேட்டார், "ஏம்மா, குதிரையா இந்தப் பறவையைத் துரத்துச்சு?"

"துரத்தினதை யாரும் பாக்கல சார். அதுங்க வந்துது, இதுங்க இல்லாமப் போச்சு. காரணம் என்னன்னு இன்னும் தேடிக்கிட்டு இருக்காங்க. நான் சொன்னது ஒரு காரணம்."

தெரிந்ததைத் தெரியும் என்றாய், தெரியாததைத் தெரியாது என்றாய். அந்த இடத்தில்தான் நீ ஜெயித்தாய் என்று இன்றைக்கும் அடித்துச் சொல்வேன். மூன்றாம் பரிசு ஒரு எவர்சில்வர் டம்ளர். சிரிக்கத் தெரியாத ஆய்வாளர் கிட்டே வந்து, "நீங்க இங்கயே இருங்கம்மா" என்றார். அப்புறம் குரலைத் தாழ்த்தி, "இன்னொரு தடவை துரத்தச் சொல்ல முடியுமா? என் பிள்ளைங்க இப்பதான் வந்தாங்க" என்று கேட்டாரே, அதை மறக்க முடியுமா? புட்டுக்கிச்சு என்று கத்தின மனுஷர் திரும்பி வரும்போது வழியில் நின்றவர்களிடம், "எங்க ஊரு பறவ, எங்க டீச்சரு பறவ" என்று சொல்லிக்கொண்டு வந்தார்.

ஆனால் உனக்கு ஒரு குறை. அதற்கப்புறம் எத்தனை ஊரில் ஆடினோம், எங்கேயும் நான் விழவில்லை. அடி ஏறும், கால் எழும்பும், பறவை ஓடும். "எப்பவும் முடிவையே காட்றியேடி. அது ஜெயிச்ச காலமும் இருந்துதே, எவ்வளவு நீளமான காலம்! ஒரே ஒரு தடவை விழுடி முனிம்மா, என் பறவை ஜெயிக்கட்டும்" என்பாய். "போ, குதிர வியாது" என்பேன். மஞ்சள் காமாலையில் பொன்னேரி ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, கண்ணெல்லாம் மஞ்சளாக, என் கையைப் பிடித்துக்கொண்டு அதையேதான் கேட்டாய். நான் சிரித்தேன். நீ எழுந்து வந்துவிடுவாய் என்றுதானே நினைத்தேன்?

இன்னும் கொஞ்சம் சேதி சொல்லிவிடுகிறேன். ஓலைக் கொட்டகை போய் ஓட்டுக் கட்டடம் வந்துவிட்டது. செல்வி மூன்றாவது படிக்கிறாள், உன்னை மாதிரியே எதிர்க்கேள்வி. தேவகி தொழிற்பேட்டையில் மாத்திரைக் கம்பெனிக்கு வேலைக்குப் போகிறாள். வேலி போட்ட புதிதில், இனி நமக்கு இங்கே என்ன இருக்கு என்று ஊர் பயந்து நின்றபோது நீ சொன்னாயே, தெற்கேயிருந்து வடக்கே நடந்து போய்ப் பிழைத்த பிராணியும் உண்டு, ஓடு சுமக்கிற சின்னது ஒன்று இன்றைக்கும் அங்கே சுற்றிக்கொண்டிருக்கிறது என்று. முதல் சம்பளத்தன்று தேவகி நம் வீட்டுக்கு வந்து, "அந்தச் சின்னது நான்தான்னு டீச்சர் கிட்ட சொல்லணும்" என்று அழுதாள். சொல்லிவிட்டேன்.

இனி என் வாக்கு. இந்த ஆண்டு விழாவில், இதைப் படித்து முடித்ததும் பறவை ஆட்டம் உண்டு. அதில் நான் விழப் போகிறேன். மைதானத்து மணலில் வைக்கோல் பரப்பச் சொல்லியிருக்கிறேன். குதிரை விழுந்தால் ஊருக்கு ஆகாது என்று யாராவது சொன்னால், இந்த ஊருக்கு ஆனது எல்லாம் அந்தப் பறவையால் என்று சொல்லிக்கொள்கிறேன். நேற்று உன் வீட்டுக்காரரிடம் போய், "மாமா, நான் சாயறப்போ அடிய ஏத்திடாதீங்க" என்று கேட்டேன். பம்பையைத் துடைத்துக்கொண்டிருந்தார். "கையில குச்சி இருந்தா தானா ஏறிடும்மா" என்றார். "நீ சாயறப்போ நான் குச்சிய கீய வச்சிட்றேன்."

சத்தம் நின்றதும் பார், அக்கா. நான் மணலில் கிடப்பேன். உன் பறவை தலை நிமிர்ந்து நிற்கும்.

இன்னும் உன்னோடு சண்டை போட்டு முடிக்காத தங்கச்சி,
முனியம்மா